ஏழு கோடு தண்ணீரில் அளந்த கலைக்கூடம்

கோரைக்குடிக் கண்மாயின் மேல்கரையோரம் கலைக்கூடம் கட்டித் திறந்த வருஷம், அதன் அறைகள் தை மாதத்தில் ஓர் அளவாகவும் வைகாசியில் வேறோர் அளவாகவும் இருப்பதை நாங்கள் ஐந்து மாதம் கழித்துத்தான் கவனித்தோம், அதுவும் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த என் மகள் பஞ்சவர்ணம், தையில் நாலாம் அறையைக் கூட்ட நாற்பது வீச்சு ஆனது, இப்போது பதினேழுதான் ஆகிறது என்று சோறு போடும்போது சொன்னதால். மறுநாள் நான் போய் அடிமேல் அடி வைத்து அளந்தேன். திறந்த அன்று நாற்பத்தெட்டு அடி இருந்த அறை இருபதரை அடி இருந்தது. வெளியே வந்து சுவரோரமாக நடந்து அளந்தேன். கட்டடம் முன்போலவே நூற்றறுபத்திரண்டு அடி இருந்தது, ஓர் அங்குலமும் குறையவில்லை.

நான் இந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விடுவதும் என் வேலை. ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், எண்ணுவதற்கு அது போதும். மடையருகே தண்ணீருக்குள் ஓர் அளவுக்கல் நிற்கிறது, அதில் சாணுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடுகள். தினமும் காலையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, மடைமேடையில் ஏறி உரக்கக் கூவிச் சொல்வேன். மற்ற நேரம் நான் உரக்கப் பேசுகிறவன் இல்லை. ஆனால் அந்த ஒரு எண்ணைக் கேட்டுத்தான் முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்க்காரர்களும் நாற்று நடுவதா, பொறுப்பதா, மகளுக்கு இந்த வருஷம் கல்யாணம் பேசுவதா, அடுத்த வருஷம் பார்ப்பதா என்று முடிவு செய்வார்கள் என்பதால், அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் நடுங்காது.

கலைக்கூடத்தை வரைந்தவர் வத்சலா அம்மா, சென்னைக்காரர். கடைக்கால் தோண்டுவதற்கு முன் ஒரு வருஷம் முழுக்க அவர் மாதம் நாலு நாள் வந்து கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். கொக்கு எந்தப் பக்கமிருந்து வந்து இறங்குகிறது, மருதமர நிழல் எங்கே போய் விழுகிறது, மேல்காற்று வருஷத்துக்கு எத்தனை நாள் அடிக்கிறது என்று என்னைக் கேட்பார். எழுபத்தாறு நாள் என்றேன், எழுதிக்கொண்டார். கரையிலிருந்த பதினேழு மருதமரத்தில் ஒன்றைக்கூட வெட்டவில்லை, சுவர்தான் பதினோரு இடத்தில் வளைந்து மரத்துக்கு வழிவிட்டது. கூரை கரையைவிட ஒரு முழம் தாழ்வு, கரைமேல் நடக்கிறவர் கண்ணுக்குத் தண்ணீரும் வானமும் தவிர எதுவும் தெரியாது. சுவர்ப்பூச்சு கண்மாய் வண்டலிலிருந்தே எடுத்தது. நாலாம் அறையில் ஒரு ஜன்னல் வைத்தார், அதன் வழியே கண்மாய் தெரியும். மாட்டப்போகிற அறுபத்து நாலு படங்களோடு அது அறுபத்தைந்தாவது படம் என்று சொன்னார். கொக்குகள் கட்டடத்தைச் சுற்றிப் போகக்கூடாது, அது இல்லாததுபோல மேலாகவே போகவேண்டும், அப்படிக் கட்டினால்தான் கட்டியதாகக் கணக்கு என்பார். ஓடு பரப்பி முடித்த மறுநாளே கொக்குகள் மேலாகப் போயின.

கட்டியவர் என் மருமகன், பஞ்சவர்ணத்தின் புருஷன் தவசி. நல்ல கொத்தனார், வேலையில் விளையாட்டுப் பேச்சு கிடையாது. எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் வீட்டுக்காரரின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து ஒரு கோல் வெட்டி, அந்தக் கோலை வைத்துத்தான் வீடு முழுவதையும் அளப்பார்கள். கயிறு பிடிக்கப்போன அன்று தவசி அதைத்தான் கேட்டார், நான் பக்கத்தில் நின்றேன்.

"முழம் யாரோடதும்மா?"

"எல்லாம் மீட்டர்ல போட்டிருக்கேனே தவசி, பிளான்ல இருக்கே."

"அது உங்க கணக்கும்மா. சொந்தக்காரர் கையில அளந்து கோல் வெட்டாம நான் கயிறு பிடிக்க மாட்டேன். வீட்டையும் ஆளையும் ஒட்டவைக்கிறது அந்தக் கோல்தான்."

"இது ஒரு அறக்கட்டளையோடது. அதுல பதினோரு பேர் இருக்காங்க."

"பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரு கை இருக்குமா?"

அம்மா சிரித்துவிட்டார். "அப்ப கண்மாய்தான் சொந்தக்காரர்னு வச்சுக்கோங்க. நான் வரைஞ்சதே அதுக்காகத்தான்."

அவர் சிரித்தது தவசி காதில் விழவில்லை, சொன்னது மட்டும்தான் விழுந்தது. நேராக என்னிடம் திரும்பி, "மாமா, கண்மாயோட கை அளவு வேணும்" என்றார். கண்மாய்க்குக் கை ஏது மாப்பிள்ளை என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருஷமாக அந்தக் கண்மாயை அளந்தவன் நான் ஒருவன்தான், அதன் அளவை என்னிடம் வந்து ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை, எனக்குள் சின்னதாக ஒரு பெருமை வந்துவிட்டது. ஒரு நாணலை வெட்டி அளவுக்கல்லை ஒட்டித் தண்ணீரில் நிறுத்தி, நனைந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு மேலே நின்றதை நறுக்கி அவரிடம் கொடுத்தேன். அன்று தண்ணீர் ஏழாம் கோடு. அந்த ஏழு சாண் நாணலால்தான் அவர் பிளானில் இருந்த ஒவ்வொரு சுவரையும் திரும்ப அளந்து கட்டினார். தண்ணீர் ஏறும், இறங்கும், ஒரு நாள் இருந்த அளவு மறுநாள் இராது என்பதை அவர் மறந்தது தப்பென்றால், அதைத் தினமும் கூவிச் சொல்லிக்கொண்டிருந்த நான் மறந்தது அதைவிடப் பெரிய தப்பு.

கண்மாய் மூன்றாம் கோட்டுக்கு இறங்கினால் நாலாம் அறை இருபதரை அடி, பத்துக்கு ஏறினால் அறுபத்தெட்டரை. வெளியே மாற்றமில்லை, உள்ளேதான் எல்லாம். ஊரில் யாரும் பயப்படவில்லை. கண்மாயை அளவாக வைத்துக் கட்டினால் கண்மாய் மாதிரிதானே இருக்கும் என்றார்கள். மழைக்காலத்தில் ஆறாம் அறையில் முந்நூறு பேரை உட்காரவைத்துக் கல்யாணம் நடத்தினார்கள். வெயில் காலத்தில் அதே அறையில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவர் முட்டி இன்னொருவர் முதுகில் இடித்தது. கணக்கு வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து சுவரை அளக்கச் சொல்லி, கண்மாயில் எத்தனை கோடு என்று பார்க்காமல் சொல்லப் பழக்கினார், என்னைவிடச் சீக்கிரம் சொன்ன பிள்ளைகள் மூன்று பேர். வெளியூரிலிருந்து கார்களில் வந்தவர்கள் என்ன அமைதி, என்ன பொருத்தம், கட்டடம் மண்ணிலிருந்து தானாக முளைத்ததுபோல இருக்கிறது என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டு போனார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை வராததால் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

படங்கள்தான் சிரமப்பட்டன. அவை வெளியே செய்தவை, அதனால் சுருங்கவில்லை. சித்திரையில் சட்டத்தோடு சட்டம் உரசிக்கொண்டு, முப்பதாம் படத்து மலை முப்பத்தொன்றாம் படத்துப் பெண்ணின் தோள்மேல் ஏறி நிற்பதுபோல இருக்கும். தண்ணீர் நாலுக்குக் கீழே போனால் அறுபத்து நாலையும் கழற்றி அறுபத்து நாலு வீட்டில் கொடுத்துவைப்பது என்று முடிவானது. அப்படி எங்கள் ஊரில் மாவு இடிக்கும் இடத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் பெரிய ஓவியர்கள் வரைந்த படங்கள் மழைக்காலம் வரை தொங்கின. மூக்காயி என்ற கடைமடைக்காரி, தன் வீட்டுக்கு வந்த படத்தில் இருந்த கோட்டுப்போட்ட ஆளைப் பார்த்து, "இவரு வந்ததுலருந்து எனக்கு வீட்ல சேலை மாத்தக் கூச்சமா இருக்கு, அடுத்த வருசம் மரஞ்செடி இருக்கிறதாக் குடுங்கப்பா" என்றாள்.

வத்சலா அம்மா வந்து இரும்பு டேப்பால் உள்ளும் புறமும் அளந்தார். மூன்று தடவை அளந்துவிட்டு நாலாம் அறைத் தரையில் உட்கார்ந்தார். "நான் நினைச்சது இதுதான் ஐயா," என்றார். "ஆனா இவ்வளவு நினைக்கலை." அதற்குப்பிறகு அவர் வரவில்லை, கடிதம் மட்டும் வருஷத்துக்கு ஒன்று வந்தது.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. கண்மாய் பன்னிரண்டாம் கோட்டைத் தாண்டி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் வழிந்தது. பன்னிரண்டுக்கு மேல் கல்லில் கோடு கிடையாது. அன்று காலை மடைமேடையில் ஏறி நின்ற நான், சொல்ல எண் இல்லாமல் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன், அப்படி இறங்கியது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தவசி கஞ்சி குடிக்க உட்காரப்போனவர் உட்காராமல் நின்றார். "அப்ப நாலாம் அறை எவ்வளவு இருக்கும் மாமா?" என்றார். தெரியாது என்றேன். "நான் வச்ச சுவரு எங்க போயிரும்?" என்று நாணல் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஞ்சவர்ணம் ஏழு மாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் நாலாம் அறை நிலைப்படியிலிருந்து கோலைத் தரையில் போட்டு, எடுத்து, போட்டு, ஒவ்வொரு தடவையும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். ஏழுகோட்டுத் தண்ணீரில் எட்டுக் கோல் இருந்த அறை அது. எட்டு என்றார், இருபது என்றார், எண்பது என்றபோது எதிர்ச்சுவர் தெரியவில்லை என்று சிரித்தார், இருநூற்றுப் பன்னிரண்டு வரை அவள் காதில் விழுந்தது. அதற்குப்பிறகு விழவில்லை.

மூன்றாம் நாள் கலிங்கு வழிவது நின்று தண்ணீர் பன்னிரண்டுக்கு இறங்கியபோது மற்ற எட்டு அறைகளும் தங்கள் அளவுக்குத் திரும்பின. நாலாம் அறை திரும்பவில்லை. நிலைப்படியில் நின்று பார்த்தால் செங்கல் தரை போய்க்கொண்டே இருந்து, சாம்பல் நிறமாகி, அதற்கப்பால் தரையா வானமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகியது. பஞ்சவர்ணம் கூப்பிட்டாள். நான் எண்ணினேன். தொள்ளாயிரத்து நாலு எண்ணிய பிறகு, பக்கத்து ஊரில் யாரோ பேசுவதுபோல, "வந்துட்டுதான் இருக்கேன்" என்று வந்தது.

அவர் நடக்காமல் இல்லை. எந்நேரமும் காலடி கேட்டது. ஆனால் அவர் நடப்பது அவரைக் கொண்டுவரவில்லை, தண்ணீர் இறங்குவதுதான் கொண்டுவந்தது. உள்ளே போகிறவருக்கும் இதே கதிதான் என்று யாரும் நிலைப்படியைத் தாண்டவில்லை. பதினோராம் கோட்டில் எழுநூறு எண்ணினால் பதில் வரும், ஒன்பதில் நானூற்று முப்பது. தையில் பெண் குழந்தை பிறந்தது, அதையும் நிலைப்படியில் நின்று பஞ்சவர்ணம் கத்திச் சொன்னாள், முந்நூற்றுப் பத்து எண்ணிய பிறகு, "காலையிலதானே உன்னை விட்டுட்டு வந்தேன், என்ன பேசுற?" என்று வந்தது. அவருக்கு இன்னும் அந்தக் காலைதான். அவள் கதவு சாத்தாமலிருக்க நிலைப்படியில் அம்மிக்கல்லை வைத்து, குழந்தைக்கு அங்கேயே தூளி கட்டினாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே மாட்டாமல் வெறுமையாக விட்டதுதான் இருப்பதிலேயே உயர்ந்த வேலை என்று சொல்லிப் போனார்கள்.

பங்குனியில் தண்ணீர் நாலாம் கோட்டுக்கு வந்தது. பதில் நூற்றிருபதில் வந்தது. ஊரே அவர் வரப்போகிறார் என்று பேசிக்கொண்டிருந்தபோது சித்திரையில் கோடைமழை பெய்து கண்மாய் ஆறுக்கு ஏறியது. மழை பெய்த அந்த ஒன்றரை மணி நேரமும் என் மகள் நிலைப்படியில் நின்று, தன் புருஷனின் குரல் தேய்ந்துகொண்டே போவதைக் கேட்டாள். "நான் நிக்கிறேன் பஞ்சவர்ணம். நின்ன இடத்துலதான் நிக்கிறேன். ஆனாப் போயிட்டே இருக்கேன்."

ஊர் முழுக்க மழைக்குச் சந்தோஷப்பட்டது, எங்கள் வீட்டுக்கு முன்னால் வரும்போது மட்டும் அந்தச் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு நடந்தது.

அடுத்த வருஷம் கண்மாய் ஒன்பது வரை நிறைந்தது. பயிர் வைத்து, முறைப்படி பாய்ச்சி, மாசிக் கடைசியில் தண்ணீர் நாலுக்கு வந்தபோது மேல்மடை, நடுமடைக்காரர்கள் எல்லாம் நெல் அறுத்துவிட்டார்கள். கடைமடையில் பிந்தி நட்ட பத்தொன்பது ஏக்கர் மட்டும் கதிர் வாங்கி நின்றது. பஞ்சவர்ணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பார்கள், அவள் நடுவில் வந்து நின்றாள்.

"மடையைத் திறந்து விடுங்க. ஒரே நாள்ல தண்ணி இறங்கட்டும். இன்னொரு கோடைமழை வந்துருச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

பிரசிடென்ட் காசிநாதன் தலையைச் சொறிந்தார். மூக்காயிதான் வாயைத் திறந்தாள். அவளுக்குக் கடைமடையில் இரண்டரை ஏக்கர்.

"உன் புருசன் அளக்கத் தெரியாம அளந்ததுக்கு என் நெல்லு சாகணுமாடி?"

"ஒங்க நெல்லு அடுத்த வருசம் மொளைக்கும்க்கா. எம்புருசன் மொளைப்பாரா?"

"ஏன், உள்ள நல்லா நிழல்லதானே நடக்காரு? எம்புருசன் வெயில்ல செத்தாரு, நான் யாரு மடையைத் திறக்கச் சொன்னேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மடைச் சாவி என்னிடம். "பத்தொன்பது ஏக்கருக்கும் இன்னும் ரெண்டு கோடு வேணும்," என்றேன். "கோட்டுக்குப் பதினோரு நாள், இருபத்திரண்டு நாள்ல போய்ச் சேரும். மிச்சம் ரெண்டு. கடைசி ஒரு கோடு ஆடுமாட்டுக்கு, அதைத் தொடக்கூடாது. முறைப்படிதான் விட முடியும்." என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் எண்ணவில்லை. அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அளவுக்கல்லைப் பார்த்தபோது கணக்கு இடித்தது. இருக்கவேண்டியதைவிட ஒரு விரல் குறைவு. மடையில் கசிவா என்று முழங்கால் அளவு சேற்றில் இறங்கித் தடவிப் பார்த்தேன், கசிவில்லை. நாலாம் நாள் ஒன்றரை விரல். அன்று மடைமேடையை விட்டு நான் போகவில்லை. துணி துவைக்க வந்த பெண்கள் துவைத்து முடித்து, ஆளுக்கு ஒரு குடம் நிரப்பிக்கொண்டு கரையேறினார்கள். கரைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் குடத்தைச் சாய்த்து ஊற்றிவிட்டுப் போனார்கள். மாடு கழுவ வந்தவர்கள் மாட்டைக் கழுவிவிட்டு, பனையோலைப் பட்டையால் பொட்டல் பக்கம் ஐம்பது அறுபது தடவை இறைத்தார்கள். கணக்கு வாத்தியார் சைக்கிளில் இரண்டு வாளி. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. வாய்க்கால் வரப்பில் ஒரு சாண் தண்ணீருக்காக அரிவாள் எடுத்த ஊர் இது. மதியத்துக்குமேல் மூக்காயி வந்தாள். இரண்டு குடம் நிரப்பினாள், இரண்டையும் பொட்டலில் கவிழ்த்தாள். திரும்பியபோது நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"கை தவறிருச்சுண்ணே."

"ரெண்டு குடமுமா?"

"ஒரு கைக்கு ஒன்னு."

"நேத்தும் தவறுச்சா?"

"நாளைக்கும் தவறும். வயசாகுதுல்ல." சேலைத் தலைப்பை உதறிச் சொருகிக்கொண்டு போனாள். அவளுடைய இரண்டரை ஏக்கரில் கதிர் அன்றைக்குப் பால் பிடித்து நின்றது.

மறுநாள் காலை நான் மேடையில் ஏறி, கல்லில் இருந்த அளவைச் சொல்லாமல், முறைப்படி இருந்திருக்கவேண்டிய அளவைக் கூவினேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கீழே நின்றவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான் கூவினேன். முறைப்படி மூன்று என்று கூவிய நாளில் கல்லில் இரண்டரை, முறைப்படி இரண்டு என்று கூவிய அன்று கல்லில் ஒன்று.

அன்று நான் கலைக்கூடத்துக்குப் போனேன். அறைகள் அத்தனை சிறுத்திருந்தன, முதல் மூன்று அறையையும் குனிந்து, பிறகு தவழ்ந்து கடந்தேன். நாலாம் அறையில் எதிர்ச்சுவர் வந்திருந்தது. அதற்கு முன்னால் தவசி நடந்துகொண்டிருந்தார். நிலைப்படியிலிருந்து ஒன்பது அடியில், கையில் நாணல் கோலுடன், கால் மாற்றிக் கால் வைத்து, நகராமல். கன்னத்தில் அன்றைக்குக் காலையில் சவரம் செய்ததுபோல மினுமினுப்பு. குழந்தை அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா," என்றார். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. "இன்னைக்கு எத்தனை?"

ஊருக்குச் சொன்ன பொய்யை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஒன்னு மாப்பிள்ளை."

அவர் கோலைக் கை மாற்றிக்கொண்டார். "ஒன்னுக்குக் கீழ விடமாட்டீங்க. எனக்குத் தெரியும்." குறையாகச் சொல்லவில்லை. மட்டப்பலகையைப் பார்த்து மட்டம் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் தவழ்ந்து வெளியே வந்து பிரசிடென்டிடம் நாற்பது பேர் வேண்டும் என்றேன். மடையிலிருந்து கலைக்கூடத்து நாலாம் அறை நிலைப்படிவரை நானூறு எட்டு, பத்து எட்டுக்கு ஓர் ஆள். கடைசிக் கோட்டைத் திறந்தால் அறை இன்னும் சுருங்கி அவர் கை எட்டும். ஒரு விரல் அதிகமாக விட்டால் எதிர்ச்சுவர் வந்து நிலைப்படியில் ஒட்டிவிடும், இடையில் இருப்பவருக்கு இடமிருக்காது. செல்போன் எங்கள் ஊருக்கு வராத காலம். நான் கல்லைப் பார்த்துச் சொல்வதை வாய்க்கு வாய் அங்கே கொண்டுபோகவேண்டும், அங்கே நடப்பதை வாய்க்கு வாய் இங்கே கொண்டுவரவேண்டும். கேட்டு முடிப்பதற்குள் ஊர் வந்து நின்றது. நாற்பது பேரை எண்ணி நிறுத்தினேன். என்னிடமிருந்து முதல் ஆள் மூக்காயி. கடைசி ஆள், நிலைப்படியில் கையை உள்ளே நீட்டிக்கொண்டு, என் மகள்.

அன்றே காலை ஒன்பது மணிக்கு மடையைத் திறக்கும் திருகுச் சக்கரத்தைச் சுற்றினேன். ஆடுமாட்டுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஓடியது.

"முக்கால்," என்றேன். மூக்காயி திரும்பி "முக்கால்" என்றாள், அது கரைமேல் ஒவ்வொரு வாயாகப் போய்ச் சிறுத்து மறைந்தது. வெகுநேரம் கழித்து அங்கிருந்து ஒன்று கிளம்பி வந்தது. "நாலடி தூரமாம்." வெயில் ஏறியது. எல்லாரும் துண்டையும் சேலையையும் தலையில் போட்டுக்கொண்டார்கள். "அரை," என்றேன். "ரெண்டடியாம். கோலை நீட்டுறாராம், கோலைப் பிடிக்க வேணாம், கையைப் பிடின்னு பஞ்சவர்ணம் கத்துறாளாம்." மீன்கள் சேற்றில் புரண்டன, மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையோடு ஒருவரும் இறங்கவில்லை. "சுவரு முதுகுல இடிக்குதாம்ண்ணே." என் கை திருகில் இருந்தது. கல்லின் அடியில் தண்ணீர் கால் கோட்டுக்கு வந்து நடுங்கியது. "கால்" என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் சுற்றிவிடலாமா, வந்தபிறகு சுற்றலாமா என்று நின்ற அந்த நேரத்தை என்னால் எண்ண முடியவில்லை.

"பிடிச்சிட்டா," என்றாள் மூக்காயி. அவள் சொல்லி முடிக்குமுன் அடுத்தது வந்துவிட்டது. "வந்துட்டாரு! வெளிய வந்துட்டாருண்ணே!"

மடையை இறுக மூடினேன். கரை முழுக்கச் சத்தமாக இருந்தது, அந்தச் சத்தத்துக்குள்ளும் செய்தி ஒழுங்காக வந்தது. "பிள்ளையைப் பார்த்து, இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாராம்." நாற்பது பேரும் ஒவ்வொருவராக அதைச் சொல்லிச் சொல்லி, சொன்னவர் அழ, கேட்டவர் சிரிக்க, மூக்காயி என்னிடம் வந்து சேர்த்தபோது இரண்டையும் செய்துகொண்டிருந்தாள். நான் மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கரை அமைதியானது. அந்தக் கோடியிலிருந்து அமைதியாகிக்கொண்டே வந்தது, நாற்பது, முப்பது, இருபது என்று ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். மூக்காயி பக்கத்து ஆளிடம் குனிந்து கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே. பின்னால இன்னொருத்தர் வர்றாராம்."

"யாரு?"

போனது, வந்தது. "ஆளு தெரியலையாம். தரையில ஈரக்காலடி மட்டும் ஒன்னொன்னா விழுகுதாம். தவசிக்கும் யாருன்னு தெரியலையாம். உள்ள போனதுலருந்து பின்னாலயேதான் வந்துச்சாம், அவரு திரும்பிப் பாக்கலையாம். இப்ப நிலைப்படிக்கு உள்ள வந்து நிக்குதாம்."

"என்ன வேணும்னு கேளு."

போவதற்கும் வருவதற்கும் இந்தத் தடவை அதிக நேரமானது. ஒவ்வொருவரும் அடுத்தவர் காதில் சொன்னார்கள். மருதமரத்தில் இலை அசையவில்லை.

"கண்மாய்ல தண்ணி எத்தனைன்னு கேக்குதாம்," என்றாள் மூக்காயி. என்னைப் பார்த்தாள். "ரெண்டுன்னு சொல்லிறவாண்ணே? காலையில அப்படித்தானே கூவுனீங்க."

கண்மாய்தான் சொந்தக்காரர் என்று வத்சலா அம்மா அன்று சிரித்துச் சொன்னது நினைவுக்கு வர, நான் எழுந்து நின்றேன். "கால்னு சொல்லு. பதினெட்டு நாளா நான் கூவுனது அத்தனையும் சரியில்லைன்னு சொல்லு. ஆடுமாட்டுத் தண்ணியைத் திறந்ததும் நான்தான்னு சொல்லு."

"நாங்க ஊத்துனதை?"

"வேண்டாம். அளந்து சொல்றது என் வேலை. அதைப் பொய்யாச் சொன்னது நான் ஒருத்தன்."

மூக்காயி தலையிலிருந்த சேலையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்து ஆளிடம் திரும்பி, நான் சொன்னதில் ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நாங்களும்தான்னு சொல்லு" என்று சேர்த்தாள். அவர் அடுத்தவரிடம் சொன்னார், அவரும் கடைசியில் அதைச் சேர்த்தார். கால், பொய், திறந்தது அவர், நாங்களும்தான். கரைமேல் அது ஒவ்வொரு வாயாகத் தாண்டிப் போவதை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பத்து. பதினெட்டு. முப்பத்தொன்று. நாற்பதாவது என் மகளின் குரல், அவ்வளவு தூரத்திலும் அடையாளம் தெரிந்தது, அவளும் அதைச் சேர்த்துத்தான் சொன்னாள். அதற்கப்பால் பதில் வருகிறதா என்று நாங்கள் நாற்பத்தொரு பேரும் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.